இருப்பு

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
மாதம் ஒரு தரம், கறுவாத்தோட்டத்தில்
துப்பாக்கிச் சங்கத்தின் பின்னறை.
கிறீச்சிடும் மின்விசிறி, ஒரு தட்டு ரோல்ஸ்,
பிளேன் டீ.

இம்முறை மேசையில் ஒரு தகரப்பெட்டி.
காலமான கெல்லர்ட் துரையின் அலுமாரிக்குள் இருந்ததாம்.
முந்நூற்று மூன்று ரகம், நாற்பத்தெட்டு ரவை.
அடியில் பொறித்த ஆண்டு நாற்பத்துமூன்று.
பொலிஸில் காட்டி, கடிதம் வாங்கி,
முத்திரையும் குத்தியாயிற்று.
இனிக் கேள்வி ஒன்றுதான்.
சுடுவதா, வைப்பதா?

துவான் ரஸீன், கொம்பனித்தெரு, ஓய்வுபெற்ற சார்ஜன்ட்:
"சுடத்தானே செஞ்சது?
பலகாரத்தக் கண்ணாடிக்குள்ள வெச்சா பூஞ்சணம்தான் தின்னும்."

மெர்வின் யான்ஸ், வெள்ளைக் கையுறை, கழுத்தில் பூதக்கண்ணாடி:
"ஒன்றைச் சுட்டால் உலகத்தில் ஒன்று குறையும்.
அதை யார் திருப்பிச் செய்வது?"

ரஸீன் குறடெடுத்து ஒன்றின் மூக்கை
அசைத்து அசைத்துப் பிடுங்கினார்.
உள்ளே தூள் இல்லை. மஞ்சள் நூல், கட்டாக.
எண்பது வருஷமாய் அவியாத இடியப்பம்.
யான்ஸ் கண்ணை மூடிக்கொண்டார்,
பல் பிடுங்குவதைப் பார்த்தவர் போல.

பிறகு பூதக்கண்ணாடியை எனக்கும் தந்தார்.
ஒன்றின் கழுத்தில் மயிரிழை வெடிப்பு.
மழைக்காலத்தில் பித்தளை தானாகவே வெடிக்குமாம்,
யாரும் சுடாமலே.
"அதுக்குத்தான் சொல்றன், இப்பவே சுடுங்க."
"அதற்காகத்தான் சொல்கிறேன், தொடாதீர்கள்."

ரஸீன் இன்னொன்றும் சொன்னார்:
பழசு சிலது விசையை இழுத்தா 'டிக்' எண்டு மட்டும் கேக்கும்.
செத்துப்போச்சு எண்டு நெனச்சுத்
துவக்க எறக்கப்படாது.
முப்பது எண்ண வேணும்.
பிந்தி வெடிக்கிறதும் இருக்கு.

முப்பது, என்று எழுதினேன்.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, இரண்டாயிரத்து ஆறு.
வவுனியாவிலிருந்து வந்த மச்சான் கொடுத்த
வெற்றுக்கோது அண்ணனிடம் இருந்தது.
கீழுதட்டில் வைத்து ஊதினால் விசில்.
ஒழுங்கை முனையில் ட்ரக் நின்ற சத்தம் கேட்டதும்
அம்மா அதைப் பறித்துப் போட்டது
குசினித் தட்டில் இருந்த டின்னுக்குள்.
டின்னில் அவவின் கையெழுத்து: ரவை.

வந்தவன் மூடியைத் திறந்தான்.
"மே மொகத?"
"ருலங், மாத்தயா."
சிங்களத்தில் அது வெறும் உப்புமா.
தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தால்
சிரித்திருப்பானோ,
டின்னைக் கவிழ்த்திருப்பானோ.
மூடினான்.
அண்ணனை எப்படியும் கொண்டுபோனார்கள்.
நாலாம் நாள் விட்டார்கள்.

அதற்குள், இருட்டோடு இருட்டாக
அம்மா தண்டவாளம் தாண்டிப் போய்
டின்னோடு எறிந்துவிட்டாள் கடலில்.
அதன்பின் எங்கள் வீட்டில் உப்புமா இல்லை.
அண்ணன் டொரொன்டோவில்.
நாயைக் கூப்பிடவும் கைதான் தட்டுகிறான்.

"செயலாளர், உங்கட அபிப்பிராயம்?"
தலைவர் ஹேவாவசம் கேட்டார்.
பக்கத்துக்கு மூன்று, கைகள் சமம்.
என் பேரேட்டில் மூன்று நிரல்:
வரவு, சுட்டது, இருப்பு.
எறிந்தது என்றொரு நிரலை
எந்த அச்சகமும் கோடு போடுவதில்லை.
"அடுத்த மாதம் பார்ப்போம் சேர்," என்றேன்.

எல்லோரும் போனபின் கணக்கெழுதக் குந்தினேன்.
இருப்பு நாற்பத்தேழு. சுட்டது இல்லை.
பிடுங்கிய ஒன்று மேசையில் கிடந்தது,
வயிறு காலி,
அடியில் கொளுத்தி மட்டும் இன்னும் உயிரோடு.
அதை எதில் எழுத?

கீழுதட்டில் வைத்தேன். புளிப்பு.
அண்ணன் ஊதுவது போல
ஒரே ஒரு தரம்.

காவலாளி சிறிசோம கதவுக்குள் தலை நீட்டினான்.
"சேர் கூப்பிட்டதா?"